பராத்துக்கு ஐந்தாம் நாள் கிண்டிய சட்னி

நம் வயதுக்காரர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். சட்னி என்றதும் தேங்காயையும் பொட்டுக்கடலையையும் நினைத்துக்கொண்டு இட்லியைத் தேடி எழுந்து போய்விடாதீர்கள். நான் சொல்ல வருவது காரைக்காலில், பிரெஞ்சுக்காரன் கொடியை மடித்துக்கொண்டு கிளம்புவதற்கு முந்தின வருஷம், எங்கள் உம்மா கிண்டிய மாங்காய்ச் சட்னியைப் பற்றி. அது ஒரு பகல் முழுக்க அடுப்பில் இருக்கும். பிறகு ஒரு மாதம் கப்பலில் போகும். ஒழுங்காகச் செய்திருந்தால் ஒரு வருஷம் கெடாது. ஒழுங்காகச் செய்திருந்தால் என்றேன் அல்லவா, அங்கேதான் நான் உள்ளே வருகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பா சைகோனில் ஒரு துணிக்கடையில் இருந்தார். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் அப்படித்தான், கடலுக்கு அந்தப் பக்கம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள், அத்தர் மணக்கிற பெட்டியோடு. பெட்டியின் வாசனை போவதற்குள் அவர்களும் போய்விடுவார்கள். வாப்பாவைப் பற்றி எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவருக்கு அந்தச் சட்னியை ரொட்டியில் தடவிச் சாப்பிடப் பிடிக்கும்.

அதனால் ஒவ்வொரு மாங்காய்க் காலத்திலும், யார் கப்பல் ஏறுகிறார்களோ அவர் கையில் ஒரு ஜாடி போகும். அப்படிக் கொடுத்து அனுப்பும் பொருளுக்கு அமானிதம் என்று பெயர். வாங்கிக்கொண்டு போகிறவர் உரியவர் கையில் சேர்க்க வேண்டும். சேர்க்க முடியாவிட்டால் கொடுத்த கையிலேயே திருப்பித் தர வேண்டும். திறக்கக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. எங்கள் தெருவில் தொழுகையைத் தவறவிட்டவர்கள் உண்டு. அமானிதத்தைத் தவறவிட்டவர் இல்லை.

அந்த வருஷம் பராத்து வந்தது. ஒரு வருஷத்தில் யார் இருப்பார், யார் போவார் என்பது எழுதப்படுகிற இரவு என்று அதைச் சொல்வார்கள். குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை மூன்று தடவை ஓதுவோம். முதலாவது நீண்ட ஆயுளுக்கு. உம்மா அந்த முதல் யாசீனை வாப்பாவுக்காக ஓதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியும் வாழைப்பழமும் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பராத்துக்கு நான்காம் நாள், வரிச்சிக்குடியிலிருந்து மாங்காய் கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கினாள்.

"காயா இருந்தா ஊறுகா, பழுத்துட்டா பாயசம். ரெண்டும் இல்லாம நடுவுல நிக்கிறதா பாத்துப் பறிச்சாந்திருக்கேங்க."

"உன் பேச்சு நல்லாத்தான் பழுத்திருக்கு," என்றாள் உம்மா. "காயைக் காட்டு."

செங்காய் என்போம். தோல் பச்சையாக இருக்கும், அறுத்தால் உள்ளே இளமஞ்சள். அந்த மணம் பழத்தின் மணமும் இல்லை, காயின் மணமும் இல்லை. நாக்குக்கு அடியில் தண்ணீர் ஊற வைத்துவிட்டு, இனிக்குமா புளிக்குமா என்று சொல்லாமல் போய்விடும். அன்றே தோல் சீவி, விரல் கனத்துக்கு அரிந்து, உப்புப் போட்டுப் பாயில் காய வைத்தார்கள். காக்கா விரட்டும் உத்தியோகம் எனக்கு. நான் விரட்டிய காக்கைகளைவிடத் தின்ற துண்டுகள் அதிகம்.

ஐந்தாம் நாள் காலையில் அடுப்பு மூட்டினார்கள். இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாய் மூன்றையும் காடியில் ஊறவைத்து லாத்தா அம்மியில் அரைத்தாள். லாத்தா என் அக்கா, பதினாலு வயது. காடி என்பது பச்சைப் புட்டியில் வரும் புளித்த திரவம். மூடியைத் திறந்தால் தெருவில் போகிற சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரனும் ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் போவான். பித்தளையில் வைத்தால் களிம்பேறும் என்பதால், உள்ளே வெள்ளையும் வெளியே நீலமுமாக இருந்த பீங்கான் பூச்சுப் பாத்திரத்தில் சர்க்கரையும் காடியும் கொதித்தன. மாங்காய் விழுந்தது. அரைத்த விழுது விழுந்தது. கடைசியில் இரண்டு கை உலர்ந்த திராட்சை.

இதில் ஒரு சட்டம் உண்டு. யாரும் ருசி பார்க்கக் கூடாது. இன்னொருவருக்கென்று நேர்ந்ததை நாக்கில் வைத்தால் அது எச்சில். உம்மா மணத்தை வைத்தே உப்பைச் சொல்வாள். ஒரு சொட்டைத் தட்டில் விட்டுச் சாய்த்துப் பார்ப்பாள். ஓடாமல் நின்றால் பதம். ஜாடி நிறைந்தபின் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் சுரண்டல்தான் எங்களுக்கு.

கிண்டிக்கொண்டே உம்மா சொன்னாள்: "அவங்க கடுதாசி எப்படி வரும் தெரியுமாடி? 'ஜாடி சுகமே வந்து சேர்ந்தது.' நான் சுகமா, புள்ளைங்க சுகமான்னு ஒரு வார்த்தை கிடையாது. ஜாடி சுகம்!"

அம்மியைக் கழுவிக்கொண்டிருந்த லாத்தா குழவியை விட்டுவிட்டாள். "ஜாடிக்கு எங்க சலாம் சொல்லவும்னு எழுதிப் போடுங்க உம்மா."

"ஜாடிக்கு வயசுக்கு வந்த மக இருக்கா, மாப்பிள்ளை பாக்கச் சொல்லுன்னு எழுதுறேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் அகப்பை நின்றுபோய், சட்னி லேசாக அடிப்பிடித்துவிட்டது. உம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுவரை இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தூணில் சாய்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள்.

மறுநாள் காலை. ஜாடி ஆறிக்கொண்டிருந்தது. மேலே ஒரு மெல்லிய துணி. உம்மா கிணற்றடியில், லாத்தா மாடியில். நான் துணியின் ஓரத்தைத் தூக்கி ஒரு விரல் விட்டேன். சரி, ஒரு விரல்தானே. அது போன இடத்தில் பள்ளம் விழுந்தது. பள்ளத்தைச் சமன் செய்ய இரண்டு விரல் விட்டேன். சமன் செய்து செய்து, ஜாடி கழுத்திலிருந்து நான்கு விரல்கிடை இறங்கிவிட்டது. பிறகுதான் பயம் வந்தது. பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும், எனக்கு யோசனை வரும். அதுதான் என் வாழ்நாள் முழுக்க வந்த கேடு. குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு ஊற்றி, விரலால் கலக்கிவிட்டேன்.

துணி கட்டி மெழுகு ஊற்றும்போது உம்மா குனிந்து பார்த்தாள். "என்னடி இது, இந்தத் தடவை தண்ணி விட்டிருக்கு?"

"உப்புல கிடந்த காய்ங்க உம்மா," என்றாள் லாத்தா.

அன்று தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்பே நான் பள்ளிவாசலில் இருந்தேன். பாங்கு சொல்ல வந்த மோதினார் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நோன்பு பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது எதிர்வீட்டுக்காரர் ஜாடியை வாங்கிக்கொண்டு போனார். அவரை நாங்கள் கப்பல் மாமா என்போம். உறவு இல்லை, எதிர்வீடு, அவ்வளவுதான். அவருக்கும் சைகோனில்தான் வேலை.

நோன்பு முடிந்து பெருநாள் வந்தது. உம்மா மருதாணி வைத்துக்கொண்டாள். வாப்பா போன வருகையில் கொண்டுவந்த பச்சைச் சேலையை உடுத்தினாள். கடிதம் வரவில்லை. "சண்டை நடக்குற ஊரு, தபால் எப்படி வரும்?" என்றாள். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மறுபடியும் மருதாணி, மறுபடியும் அதே சேலை. கடிதம் வரவில்லை. இந்தத் தடவை அவள் தபாலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எனக்கோ ஒவ்வொரு நாள் கடிதம் வராததும் ஒரு நாள் தண்டனை தள்ளிப்போன மாதிரி இருந்தது.

ஸபர் மாதம், ஐப்பசி மழை. போன வேகத்தில் கப்பல் மாமா திரும்பி வந்துவிட்டார். சண்டையில் அவர் இருந்த கடையை மூடிவிட்டார்களாம். வந்த அன்றே எங்கள் வாசலில் நின்றார். கையில் ஜாடி.

அந்நிய ஆண் முன் பெண்கள் வரும் வழக்கம் அப்போது கிடையாது. உம்மா கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். நான் கதவுக்கு முன்னால் நின்றேன்.

"அமானிதம்," என்றார் மாமா. "கையில சேர்க்க முடியல. கொடுத்த கையிலயே திருப்பிட்டேன். மாப்புச் செய்யணும்."

"ஆளைப் பாத்தீங்களா?"

"பாக்கல."

"கடையில இல்லையா? ஏன், எங்க போனாங்க?"

அவர் ஜாடியை என் கையில் வைத்தார். அவர் முகம் மழையில் நனைந்திருந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. குடையைக்கூட விரிக்காமல் தெருவைக் கடந்து போய்விட்டார்.

கதவுக்குப் பின்னால் இருந்த உம்மா அந்த முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவன் நான் ஒருவன்தான். நானோ அதில் என் குற்றப்பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தேன். வாப்பா ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார், யார் செய்த வேலை என்று இவருக்கும் தெரிந்துவிட்டது. முடிச்சு உம்மா போட்ட முடிச்சாகவே இருந்தது, மெழுகு உடையவில்லை. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

உம்மா கவனித்தாள். ஆள் கடையில் இல்லை, கடிதம் இல்லை, ஜாடி திறக்கப்படவில்லை, அங்கே போய்விட்டு வந்தவர் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கணக்கை எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் ஒரே மாதிரிதான் கூட்டியிருப்பாள். அங்கேயே இன்னொரு வீடு வைத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள்.

"வேற குடும்பம் வச்சிட்டாங்கடி," என்றாள் லாத்தாவிடம். "என் கை பட்டது இனி அங்க ஆகாது."

ஜாடி அலமாரியின் உச்சியில் ஏறியது. உம்மா அதைத் தொடவில்லை, பார்க்கவில்லை. மாமா எங்கள் வாசல் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு வேறு சந்தில் போனார். நான் நாகூர் தர்காவுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். போதாதென்று அம்பகரத்தூர் அம்மனுக்கும் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். மாங்காய்க்கார அக்கா அந்த அம்மனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருந்தாள். ஜாடியை யாரும் திறக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் இரண்டு பேரிடமும் என் கோரிக்கை.

யாரும் திறக்கவில்லை. எட்டாம் நாள் அதுவே திறந்துகொண்டது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு சத்தம். துணி உப்பி, மெழுகு வெடித்து, நுரை அலமாரிக் கதவில் வழிந்தது. கள்ளுக்கடை வாசனை. நான் சாகப்போகிறவன் மாதிரி பந்தியிலேயே கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

உம்மா எழுந்து போய்ப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆளும் கெட்டாரு, சட்னியும் கெட்டுது," என்றாள். "ரெண்டையும் கொண்டுபோய்க் கொல்லையில கொட்டு."

லாத்தா கொட்டினாள். நான் தப்பித்தேன் என்று இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டேன்.

பதினோராம் நாள் உம்மா கடிதம் எழுதினாள். அரபுத்தமிழில் அவளே எழுதுவாள், வலமிருந்து இடமாக, வேகமாக. அன்று எழுதிய வேகத்தில் தாள் கிழிந்தது. பிறகு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். மாமாவின் மனைவி உம்மாவை உள்ளறைக்கு அழைத்துப்போனாள். நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் மாமா.

"புது வீட்டு விலாசம் உங்க மாமாவுக்குத் தெரியும்," என்றாள் உம்மா என்னிடம், அவருக்கும் கேட்கிற மாதிரி. "எழுதித் தரச் சொல்லு."

நான் திரையைத் தாண்டிப்போய்க் கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பிடித்து இழுத்துத் தன் முழங்காலோடு அணைத்துக்கொண்டார்.

"தம்பி, வாப்பா மவுத்தாயிட்டாங்க தம்பி."

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. என் டம்ளர் தண்ணீர்தான் வந்தது. நான் கேட்ட முதல் கேள்வி இது:

"சட்னி சாப்பிட்டாங்களா?"

"இல்லடா ராசா. நான் இங்கேருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. மூணு நாள் காய்ச்சல். பராத்துக்கு அஞ்சாம் நாளு. இந்த மாதிரிச் செய்தியைக் கடுதாசியில எழுதக் கூடாது, ஊருக்குப் போற ஆளு வாயால சொல்லணும்னு கடைக்காரங்க அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டாங்க. என் தலையில வச்சாங்க. எனக்கு வாய் வரல. பதினோரு நாளா வரல."

'நான் கிளம்பறதுக்கு முன்னாடியே.' அந்தச் சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டேன். நான் கொல்லவில்லை. நான் சிரித்தேன். பல் தெரியச் சிரித்தேன். அந்த நேரத்தில் திரையை விலக்கிக்கொண்டு உம்மா வந்து நின்றாள், துப்பட்டி தரையில் கிடக்க, வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அந்நிய ஆண் முன்னால் வெறுந்தலையோடு. அவள் முதலில் பார்த்தது என் முகத்தை.

இப்போது எனக்கு மாமாவின் மேல் கோபம் இல்லை. கடைக்காரர்கள் மேலும் இல்லை. எல்லோரும் இரக்கப்பட்டுத்தான் பேசாமல் இருந்தார்கள். அத்தனை பேரும் சேர்ந்து இரக்கப்பட்டதில் ஒரு பெண் செத்துப்போன புருஷனைப் பதினோரு நாள் திட்டிக்கொண்டிருந்தாள்.

மாலைக்குள் வீடு நிறைந்துவிட்டது. பெண்கள் உம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மார்க்கம் அறிந்த லெபை வாசலில் நின்றபடி விரல் விட்டு எண்ணினார்.

"பராத்துக்கு அஞ்சு. நாலு மாசம் பத்து நாள் இத்தா. முஹர்ரம் பிறக்கும்போதே முடிஞ்சுபோச்சும்மா. செய்தி எப்ப வந்தாலும் கணக்கு மவுத்தான நாள்லேருந்துதான். இனி நீங்க இத்தா இருக்க வேண்டியதில்ல. மார்க்கம் லேசாக்கி வச்சிருக்கு."

புருஷன் இறந்தால் நாலு மாசம் பத்து நாள் மனைவி வீட்டோடு இருந்து துக்கம் காக்கிற காலம் அது. பூ இல்லை, மருதாணி இல்லை, வெளி இல்லை. ஒரு பெண் ஆறுதலாகச் சொன்னாள்: "நஸீபு பாத்தியா, அறையில கிடக்காம தப்பிச்சே."

"நான் எப்ப இருந்தேன்?" என்றாள் உம்மா.

லெபை எண்ணிய விரல்களை மடக்கிக்கொண்டார்.

"இத்தா முடிஞ்சிருச்சுங்கிறீங்களே, நான் எப்ப இருந்தேன்? ரெண்டு பெருநாளைக்கும் மருதாணி வச்சேன். பச்சைச் சேலை கட்டுனேன். அவங்களைத் திட்டுனேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் அவங்களுக்குன்னு அழுதேனா? அன்னிக்கு நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்? பராத்துக்கு அஞ்சாம் நாளு. யாராவது சொல்லுங்களேன்."

என்னை விடுவித்த அதே தேதி, அவளிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. லாத்தாவின் உதடு அசைந்தது. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். தூணில் சாய்ந்து சிரித்ததை அவள் சொல்லிவிடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்கு என்ன வரும் என்று சொன்னேனே.

"எனக்குத் தெரியும் உம்மா," என்றேன். "அன்னிக்குச் சாயந்தரம் அசருக்குப் பிறகு வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. என்னமோ நெஞ்சை அடைக்குதுன்னு சொன்னீங்க."

உம்மா என்னைப் பார்த்தாள். எதிர்வீட்டில் என் பல்லைப் பார்த்த அதே கண்.

"பொறவு?"

"பொறவு அழுதீங்க. ஏன் உம்மான்னு கேட்டேன். தெரியலன்னீங்க."

"பொறவு?"

"விளக்கு ஏத்தல. சோறு வேணான்னுட்டீங்க. கெழக்கே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

கிழக்கே கடல். கடலுக்கு அந்தப் பக்கம் சைகோன். அந்தத் திசை எப்படி வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "மனசு அறிஞ்சிருக்கு!" என்று ஒரு பெண் கத்தினாள். "அன்னிக்கே இத்தா தொடங்கிட்டுது!" பெண்கள் எல்லோரும் ஒரே குரலாக அழத் தொடங்கினார்கள். உம்மா லாத்தாவைப் பார்த்தாள். லாத்தா கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா உம்மா," என்றாள். அதற்குப் பிறகுதான் உம்மா அழுதாள்.

கொல்லையில் கொட்டச் சொன்னதைப் பற்றி அவள் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. மாங்காய் வாங்குவதையும் விட்டுவிட்டாள். ஆனால் அந்தச் சாயங்காலத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. காற்று நின்றுபோனது வந்து சேர்ந்தது. கிணற்று வாளி கையிலிருந்து நழுவியது வந்து சேர்ந்தது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்ததாம். நான் போட்டது நாலு வரி. மிச்சத்தை அவளே கிண்டிப் பதம் பார்த்து எடுத்தாள்.

லாத்தாவும் போய்விட்டாள். அன்று உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அறிந்தவன் இப்போது நான் மட்டும்தான். எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நான் திரும்பப் பார்க்கவே இல்லை.

உம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதம், என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருந்தாள். உம்மா அவளிடம் முழுவதையும் சொன்னாள். வாசல் நிலை, அடைத்த நெஞ்சு, ஏற்றாத விளக்கு, கிழக்கு. மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முடித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினாள்.

"உங்க வாப்பாதான் பாத்தாங்க. ஒம்பது வயசுப் புள்ள, எல்லாத்தையும் பாத்து வச்சிருந்துச்சு. இல்லேன்னா அந்த நாளே எனக்கு இருந்திருக்காது." பிறகு என்னிடம், "இல்லையா தம்பி?" என்றாள்.

"ஆமா உம்மா," என்றேன். "நல்லா அழுதீங்க."